முன் பிரேக்கிலிருந்து விழுந்த போல்ட்

இன்று காலை கோத்தகிரியிலிருந்து என் ஸ்போர்ட்ஸ் பைக்கில் இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு ஸ்கூட்டர் ஓயாமல் ஹாரன் அடித்தது. ஸ்கூட்டருக்கு வழிவிடுவதா என்று வேகத்தைக் கூட்டினேன்.

அரவேணுவில் டீ குடிக்க நிறுத்தியபோது அதுவும் வந்து நின்றது.

"ஏனுங்க தம்பி, எவ்வளவு நேரமா ஹாரன் அடிக்கறேன்! இது உங்க வண்டில இருந்து விழுந்துச்சுங்க." ஓட்டி வந்த அக்கா கையை விரித்தார்.

ஒரு போல்ட்.

குனிந்து பார்த்தேன். முன் பிரேக்கைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றைக் காணோம். மற்றது விரல் பட்டதும் சுழன்றது. நேற்று பிரேக் பேட் மாற்றியது நானேதான்.

"இனிமேதானுங்க பெரிய எறக்கம்" என்றார் அக்கா. அவருக்கும் ஒரு டீ சொன்னேன்.

பைக் அந்த டீக்கடை வாசலிலேயே நிற்கிறது. நான் பஸ்ஸில் இருக்கிறேன். வீட்டிலேயே பிரேக் மாற்றும் நண்பர்களே, போல்ட்டை இறுக்கினீர்களா, இறுக்கியதாக நினைத்துக்கொண்டீர்களா?