பின்கண்ணாடிக்கு எத்தனை பார்?

எங்கள் ஊர்ப்பக்கம் கார் வாங்கினால், எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிய கையோடு பின்கண்ணாடியில் பிள்ளைகளின் பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுவார்கள். கடன் முடியாத வண்டியாக இருந்தாலும் பெயர் மட்டும் பளபளவென்று இருக்கும். எங்களுக்கு ஒரே பெண். என் கணவர் வாடகைக்கு ஓட்டுவதற்காகப் பழைய கார் ஒன்றை வாங்கியபோது அவள் மூன்றாம் வகுப்பு. மஞ்சளில் நான்கு எழுத்து, ஓரத்தில் சிவப்புக் கோடு. ஸ்டிக்கர்காரர் ஒட்டிவிட்டுப் போனபிறகு, பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து வந்து ஒவ்வொரு எழுத்தையும் அவளே ஒருமுறை அழுத்தித் தேய்த்தாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இதை முடிக்க மாட்டேன்.

ஆறாம் வகுப்பு படிக்கும்போது காய்ச்சல் என்று படுத்தாள். கள்ளக்குறிச்சியில் காட்டினோம், பிறகு சேலத்துக்குக் கொண்டு போனோம். எல்லாரும் நன்றாகத்தான் பார்த்தார்கள். யாரையாவது திட்ட முடிந்திருந்தால் மனசுக்கு ஒரு வேலையாவது இருந்திருக்கும், அதற்கும் வழியில்லை. திரும்பும்போது அவள் ஆம்புலன்ஸில் முன்னால் போக, நாங்கள் எங்கள் காரில் பின்னால் வந்தோம்.

வாடகை வண்டிகளுக்கு எங்கள் ஊரில் நம்பர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கண்ணாடியில் என்ன பெயரோ அதுதான் வண்டிக்கும் பெயர், ஓட்டுகிறவருக்கும் பெயர். ஸ்டாண்டில் என் கணவரை அவள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். காரியமெல்லாம் முடிந்து அவர் மறுபடி வண்டி எடுத்தபோது, பாவம், அவர்களும் கொஞ்ச நாள் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். பிறகு பழக்கம் ஜெயித்துவிட்டது. காலையில் போன் அடிக்கும். எடுத்தால், அவள் பெயரைச் சொல்லி, "வண்டி கெளம்பிடுச்சா?" என்று ஒரு குரல் கேட்கும்.

நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். என் தையல் மிஷின் ஜன்னலோரம் இருக்கிறது. அவர் வண்டியை நிறுத்தினால் பின்கண்ணாடி சரியாக அந்த ஜன்னலைப் பார்த்து நிற்கும். ஊசியில் நூல் கோக்க நிமிர்ந்தால் அந்த நான்கு எழுத்துதான் கண்ணில் படும். எடுத்துவிடுங்கள் என்று ஒருமுறை சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது நான் ஜெயித்திருப்பேன், வாயைத் திறக்காத மனுசனிடம் என்ன ஜெயிப்பது? ஒரு மத்தியானம் பிளேடை எடுத்துக்கொண்டு நானே வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். கை போகவில்லை. பெற்றவள் கையால் சுரண்டுவதா அதை?

அப்போதிலிருந்து ஒன்றே ஒன்றுக்குத்தான் காத்திருந்தேன். நானும் எடுக்கக் கூடாது, அவரும் எடுக்கக் கூடாது, அதுவாகப் போய்விட வேண்டும்.

அதற்கு ஒரு வழி பிறந்த மாதிரி இருந்தது. என் கணவர் அதிகமும் கல்வராயன் மலைக்குத்தான் ஓட்டுவார். மலைப் பள்ளிகளுக்குப் போகிற வாத்தியார்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போவார், சாயங்காலம் இறக்குவார். மழைக்காலத்தில் வண்டி திரும்பி வரும்போது என்ன நிறம் என்றே தெரியாது. செம்மண் சக்கரத்துக்கு மேலே உள்பக்கமாக அப்பிக் காய்ந்துவிடும். முன்பெல்லாம் வாட்டர் சர்வீஸில் விட்டு எடுப்பார். ஒருநாள் அங்கே இருந்தவர் பின்கண்ணாடிக்குக் கிட்டத்தில் வைத்துத் தண்ணீரைப் பீச்சியதில் கடைசி எழுத்தின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டது. அன்றோடு சர்வீஸுக்கு விடுவதை நிறுத்திவிட்டார். பக்கெட்டும் துணியுமாக வாசலில் தானே கழுவ ஆரம்பித்தார். குனிந்து குனிந்து இடுப்பு போனது, ஆனால் அடியில் இருந்த மண் போகவில்லை. அவள் போய் இரண்டாவது மழைக்காலத்தில் கதவுக்குக் கீழே துருப் பிடிக்கவும், "வூட்லயே ஒரு மிஷின் வாங்கிடலாம்" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சந்தோஷம் என்று சொல்லக் கூடாது, ஆனால் வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

தண்ணீரைப் பீச்சி வண்டி கழுவுகிற பிரஷர் வாஷரில் இவ்வளவு விஷயம் இருக்கும் என்று யார் கண்டது! சாப்பிட்டு முடித்ததும் போனை வைத்துக்கொண்டு வீடியோ வீடியோவாகப் பார்ப்பார். தண்ணீரின் அழுத்தத்தை 'பார்' என்ற கணக்கில் சொல்கிறார்கள். நூறு பார், நூற்றிருபது பார், நூற்றைம்பது பார். ஒருவகை மோட்டார் சத்தம் போடும், விலை கம்மி. இன்னொருவகை சத்தம் போடாது, தூக்கினால் தோள் கழன்றுவிடும். குழாயிலிருந்துதான் தண்ணீர் எடுக்குமா, பக்கெட்டில் போட்டாலும் இழுக்குமா? எங்கள் போர் தண்ணீரின் உப்புக்குத் தாங்குமா? என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இந்த மனுசன் இவ்வளவு விசாரிக்கவில்லை. அதைச் சொல்லிக் கிண்டல் செய்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு லேசாகச் சிரித்தார். ஆனால் அவர் பார்த்த வீடியோக்களில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டுவதைக் கவனித்தேன். ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியை எப்படிக் கழுவுவது என்று யாரோ ஒருவர் சொல்லும் வீடியோ அது. நானும் அவருக்குத் தெரியாமல் அதைப் பார்த்தேன். அவர் எது கூடாது என்று தெரிந்துகொள்ளப் பார்த்தார், நான் எது போதும் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தேன்.

சேலம் ரோட்டில் பம்புசெட் விற்கிற கடைக்கு இரண்டு பேருமாகப் போனோம். கடைக்காரர் நான்கு மிஷினை எடுத்து வரிசையாக வைத்தார்.

"எவ்ளோ பார் வேணும் சார்?"

"இருக்கறதுலயே கம்மி" என்றார் என் கணவர்.

கடைக்காரர் அவரை ஒருமாதிரி பார்த்தார். "இன்னா சார், எல்லாரும் ஜாஸ்தி கேட்டுக்கினு வருவாங்க, நீங்க கம்மி கேக்கறீங்க? மலை வண்டின்றீங்க. கம்மியில அடிச்சா மண்ணு சிரிக்கும் சார்."

"இருக்கறதுலயே ஜாஸ்தி எது?" என்று நான் கேட்டேன்.

அவர் ஓரத்தில் இருந்த மஞ்சள் மிஷினைத் தட்டிக் காட்டினார். "இது நூத்தம்பது. கிட்ட வெச்சி அடிச்சா பெயிண்ட்டே கெளம்பிடும்க்கா. ஸ்டிக்கர்லாம் நிக்காது. பாத்துதான் அடிக்கணும்."

"அதையே குடுங்க" என்றேன்.

"வேணாம்" என்றார் என் கணவர்.

"ஏன் வேணாம்? அடியில துரு ஏறுது, இடுப்பு வலின்னு ராவெல்லாம் பொரண்டுக்கினு கெடக்கறீங்க. வாங்கறதுதான் வாங்கறோம், உருப்படியா ஒண்ணு வாங்கனா இன்னா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

"எனக்கா தெரியாது?"

என் குரல் உயர்ந்துவிட்டது. பைப் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் பணக்கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு, தவணையில்கூடத் தரலாம் என்றார். நாங்கள் இரண்டு பேருமே அவரைப் பார்க்கவில்லை. எதற்காகக் கேட்கிறேன் என்று என் கணவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகத்தில் அது தெரிந்தது. அவர் எதற்காக மறுக்கிறார் என்பது எனக்கு எப்போதோ தெரியும். அத்தனை நாளும் வீட்டில் பேசாததை, அந்நியர் நடுவே, பார் கணக்கில் பேசிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். "குடுங்க, அதையே குடுங்க. நான் தள்ளி நின்னு அடிச்சிக்கறேன்" என்றார். மஞ்சள் மிஷின் பின்சீட்டில் வந்தது.

நல்ல மிஷின்தான், அதைக் குறை சொல்ல முடியாது. முதல் ஞாயிற்றுக்கிழமையே சக்கரத்துக்கு மேல் இருந்த மண் கட்டி கட்டியாக விழுந்தது. தெருவே சிவப்பாக ஓடியது. நான் ஜன்னலில் உட்கார்ந்து தைப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம் அடித்தார், இரண்டு பக்கமும் அடித்தார், அடியில் படுத்துக்கொண்டு அடித்தார். பின்பக்கம் வந்ததும் மிஷினை அணைத்துவிட்டார். பக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, என் பழைய புடவைத் துணியை நனைத்துப் பிழிந்து, கண்ணாடியை மெதுவாகத் துடைத்தார். ஒவ்வொரு எழுத்தாக, மேலிருந்து கீழாகத் துடைத்தார். குழந்தைக்கு முகம் கழுவி விடுகிறவர் கை அப்படித்தான் போகும்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அந்தக் கோபத்தில் எவ்வளவு அழுகை இருந்தது என்று இப்போது சொல்ல முடிகிறது, அன்றைக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரி அவருக்குச் சோறு போடாமல் படுத்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை.

வாராவாரம் இதேதான். நூற்றைம்பது பார் மிஷின் வண்டி முழுக்கப் பாயும், பின்கண்ணாடிக்கு மட்டும் ஈரத்துணி. ஒரு துளியாவது சிதறிப் பட்டு ஏதாவது நடக்காதா என்று நானும் வாராவாரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பெயர் அப்படியே இருந்தது. மழைக்காலம் போனது, வெயில் போனது, பள்ளிக்கூடம் திறந்து மலைக்கு ஓட்டம் மறுபடி ஆரம்பித்தது.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜன்னலுக்கு வெளியே துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றுவிட்டது. நான் நிமிர்ந்தேன். அவர் வலது கையில் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். துணியில் மஞ்சளாக என்னமோ ஒட்டியிருந்தது. கண்ணாடியில் மூன்று எழுத்து இருந்தது.

மிஷின் எதுவும் செய்யவில்லை, முன்பு ஓரம் தூக்கியிருந்த கடைசி எழுத்துகூட அப்படியே இருந்தது. வாராவாரம் அவர் துடைத்த துடைப்பில்தான் முதல் எழுத்து தேய்ந்து தேய்ந்து கிளம்பி வந்திருந்தது. பத்திரமாகப் பார்த்துக்கொண்ட கைதான் எடுத்தது. அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். துணியை உதறவும் தெரியாமல், மடிக்கவும் தெரியாமல் நின்றார். அப்புறம் அந்த எழுத்தை மறுபடி கண்ணாடியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

நான் காத்திருந்தது இதற்குத்தானே? அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை, அதுவாகவே போக ஆரம்பித்துவிட்டது. இன்னும் மூன்று எழுத்து. நான் பேசாமல் தைத்துக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அந்த மூன்று எழுத்தைப் பார்க்க என்னால் ஆகவில்லை. அது யார் பெயரும் இல்லை. என் பிள்ளையைப் பாதியில் நிறுத்தி வைத்தமாதிரி இருந்தது. செருப்புகூடப் போடாமல் வெளியே வந்தேன்.

"வண்டிய எடுங்க" என்றேன்.

"எங்க?"

"ஸ்டிக்கர் கடைக்கி. இன்னைக்கி தொறந்துதான் இருக்கும், வாங்க."

அவர் என்னையே பார்த்தார். கண் சிவந்திருந்தது. உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தார். அந்த எழுத்தைத் துணியோடு என் கையில் கொடுத்தார். மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த கடை. முன்பு ஒட்டியவர் இல்லை, கடை கைமாறியிருந்தது. புதியவர் வெளியே வந்து கண்ணாடியைத் தடவிப் பார்த்தார்.

"பழைய ஸ்டிக்கருங்க. முழுசா உரிச்சிட்டுப் புதுசா போட்டுடலாமா? ஒண்ணு மட்டும் போட்டா தனியா தெரியும்."

"ஒண்ணு மட்டும் போடுங்க. மத்தத தொட வேணாம்." இதைச் சொன்னது என் கணவர் இல்லை, நான்.

கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய் கம்ப்யூட்டரில் எழுத்தைப் பொருத்திப் பார்த்தார். மஞ்சளில் எந்த மஞ்சள் என்று என்னைக் கேட்டார். துணியில் இருந்ததைக் காட்டினேன். கட்டிங் மிஷின் ஓட ஆரம்பித்தது. சும்மா நிற்கிறோமே என்று பேச்சுக் கொடுத்தார்.

"பொண்ணு பேருங்களா சார்?"

"ஆமாங்க."

"இன்னா படிக்குது பாப்பா?"

இந்தக் கேள்விக்கு என் கணவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் போகவில்லை. மிஷின் வெட்டுவதையே பார்த்துக்கொண்டு, சாதாரணமாக, "எட்டாவது" என்றார்.

"ஒம்போதாவது" என்றேன் நான். "ஜூன்லயே ஒம்போதாவது போயிடுச்சி."

என் கணவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அப்போ அடுத்த வருசம் பப்ளிக் பரிச்சை" என்றார் கடைக்காரர், வெட்டிய எழுத்தை உரித்துக்கொண்டே. "நல்லா படிக்கச் சொல்லுங்கக்கா."

"சொல்றேங்க" என்றேன்.