நிறம் போன தண்ணீர்

என் கணவருக்கு இறால் ஆகாது. ஒரு கல்யாண விருந்தில் தெரியாமல் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் மனிதர் கண் திறந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இறால் என்ற பேச்சே கிடையாது. அந்த வீட்டுக்குத்தான் என் மகள் ஒரு சாயங்காலம் பை நிறைய இறால் ஓட்டைக் கொண்டுவந்தாள்.

லாஸ்பேட்டை கல்லூரியில் அவளுக்குக் கடைசி வருஷம். சாயப்பட்டறைக் கழிவுநீரிலிருந்து சாயத்தைப் பிரிப்பதுதான் புராஜெக்ட். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் ஒரு பொடி, சாயத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளுமாம். வேறு பொருளே கிடைக்கவில்லையா, புளியங்கொட்டை இல்லையா, வாழைப்பட்டை இல்லையா என்று கேட்டேன்.

"அதெல்லாம் மத்த பசங்க எடுத்துட்டாங்கம்மா."

ஓடு மொட்டை மாடியில் காய்ந்தது. முத்தியால்பேட்டையில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டித்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி மாடியிலிருந்தே கேட்டாள்: "இன்னாக்கா, வீட்ல விசேஷமா? நாங்கல்லாம் மூக்கப் பொத்திக்கினு கொண்டாடறோம்."

ஓடு போதவில்லை என்று மறுபடி மார்க்கெட்டுக்குப் போனோம். மீன்காரம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஓடு மட்டும் நீ எடுத்துக்கினா, எறால யாரும்மா துன்றது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பாவுக்கு எதுனா ஆச்சுன்னா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன்.

"லேப்ல ஆசிட்ல ஊற வெச்சு, காஸ்டிக் சோடால வேக வெச்சுத்தாம்மா பொடி எடுப்போம். அப்பாவுக்கு ஆவாதது எறால்ல இருக்கற புரோட்டீன். அது காஸ்டிக்ல கரைஞ்சு போயிடும்."

"முழுசாவா?"

"கிட்டத்தட்ட."

அந்தக் 'கிட்டத்தட்ட'வை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது?

பரீட்சை லீவு என்று லேபைப் பூட்டினார்கள். பொடி வீட்டுக்கு வந்தது. சிவப்புச் சாயத்தைத் தண்ணீரில் கரைத்து, பழைய தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி, பொடியைப் போட்டு ஒரு வாரமாகக் குலுக்கிக்கொண்டே இருந்தாள். பொடி சிவந்து அடியில் தங்கியது. மேலே நின்ற தண்ணீரைத் துணியில் வடிகட்டி வேறு பாட்டில்களில் நிரப்பிச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தாள்.

"பாத்தியாம்மா! அப்படியே குடிக்கற தண்ணி மாதிரி இருக்கு!"

எடுத்து உள்ளே வை என்றேன். வைக்கிறேன் வைக்கிறேன் என்றாள்.

மறுநாள் மத்தியானம் நான் ஆபீசிலிருந்து வந்தபோது, வெயிலில் அலைந்துவிட்டு வந்த என் கணவர் மேஜை அருகே வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார். கையில் பாதி காலியான பாட்டில்.

"இன்னாடி, இன்னிக்குத் தண்ணி ஒரு மாதிரி இருக்கு?"

நான் போட்ட சத்தத்தில் மகள் ஈரத் தலையோடு ஓடி வந்தாள். "ஒண்ணும் ஆவாதும்மா" என்றாள். சொல்லிக்கொண்டே அவர் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கினாள்.

ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்ன குடித்தார் என்று டாக்டர் கேட்டார். சின்ன வயசுப் பையன்.

"சாயத் தண்ணி" என்றேன்.

"சாயம் எடுத்த தண்ணி" என்று திருத்தினாள் மகள்.

"எறா தண்ணி டாக்டர்" என்றார் என் கணவர்.

டாக்டர் எங்கள் மூவரில் யாரைப் படுக்கவைப்பது என்று யோசிப்பவர் போலப் பார்த்தார். பிறகு என் கணவரைப் படுக்கவைத்து, சாயங்காலம் வரை பார்க்கலாம் என்றார். நான் அவர் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீங்கியது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"இன்னாடி, புதுசா கல்யாணம் ஆன மாதிரி பாக்கற?"

"பேசாம மூச்சு வுடுங்க."

ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் மகள் மெதுவாகக் குனிந்து, "அப்பா, வாய்ல சாயம் எதுனா தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். அத்தனை பேர் நடுவில் அவளை அடிக்காமல் விட்டதே பெரிது. இன்றைக்கும் எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் நான் முகர்ந்துதான் குடிக்கிறேன்.

வீட்டுக்கு வந்தோம். மிச்ச பாட்டில்கள் மேஜையில் பளபளவென்று நின்றன. சாயத்தோடு இருந்திருந்தால் யாராவது வாயில் வைப்பார்களா? துணி துவைக்கும் இடத்திலிருந்து சொட்டு நீலத்தை எடுத்துவந்து ஒவ்வொரு பாட்டிலிலும் விட்டேன். எல்லாம் நீலமானது. அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

"அம்மா! ஒரு வார வேலைம்மா!"

"இருக்கட்டும்."

அழுதாள். சாப்பிடாமல் படுத்தாள். நான் சமாதானம் சொல்லப் போகவில்லை.

காலையில் எழுந்து பார்த்தால், அதே நீலத் தண்ணீரில் பொடியைப் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டிலில் நீலம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. பின்னாலேயே என் கணவர் தண்ணீர் குடிக்கச் சொம்பைத் தேடிக்கொண்டு வந்தார். நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு மேஜைக்குக் காவல் உட்கார்ந்தேன்.