கொடியில் காய்ந்த செம்மஞ்சள் சட்டை

அத்தானின் செம்மஞ்சள் மேற்சட்டையை நான் முதலில் கண்டது குளியலறைக் கதவின் பின்னால். வீதியில் வேலை செய்பவர்கள் போடும், கையில்லாத, கண்ணைக் குத்தும் சட்டை. சிட்னியில் கிரவீன் என்ற இடத்தில் இருந்த எங்கள் வீட்டின் பின்வளவில் நீளமான கொடி இருக்க, அது மட்டும் ஏன் உள்ளே ஈரம் சொட்ட வேண்டும் என்று அக்காவிடம் கேட்டேன். "பார்க்கில ஏதோ புரொஜெக்டாம். சைட்டுக்குப் போகேக்க போடவேணுமாம்" என்றாள். தானே தோய்த்துக்கொள்வாராம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் அவர்களோடு தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் அதிகாரியாக இருந்த அத்தான், சிட்னிக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். பொருளாதார மந்தம் வந்து அதை இழுத்து மூடிவிட்டார்கள். அதன்பிறகு மனிதர் ஓரிடத்தில் இருந்ததில்லை. குசினியிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து தபால்பெட்டிக்கு. பார்க்கும் எனக்கே கால் உளையும். இந்தப் பார்க் வேலை கிடைத்ததும் மினுக்கிய சேர்ட்டும் சப்பாத்துமாகப் பென்டில் ஹில் ஸ்டேஷனில் ரயில் ஏறினார். ஆனாலும் சாப்பாட்டு மேசைக்குக் கீழே அவருடைய கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. கடையில் தமிழரைக் கண்டால் அரிசிமூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவார்.

ஒருநாள் சாப்பிடும்போது அவராகவே கதைத்தார். தாங்கள் பார்க்கில் திருத்தும் கல்மதிலைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தினமும் வருகிறாராம். முப்பதுகளின் பெருமந்த காலத்தில், வேலையில்லாத பொடியன்களைச் சேர்த்துத்தான் அந்தப் பார்க்கின் மதிலையும் படிகளையும் அரசாங்கம் கட்டுவித்ததாம். கிழவரும் அப்போது அங்கே கல் சுமந்தவராம்.

"அதைத் தன்ர மனுசிக்குக் கூடக் கடைசிவரை சொல்லேல்லையாம்."

"ஏன்? களவே எடுத்தவர்?" என்றாள் அக்கா.

"ரிலீஃப் வேலையெல்லோ. நிவாரணம்."

அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததும் அவர் கை தட்டில் நின்றுவிட்டது. அகதி முகாமில் நிவாரணக் கார்ட்டோடு வரிசையில் நின்ற எங்கள் சனத்துக்கு அது வெறும் சொல்லா? அத்தானும் நின்றவர்தான், தனக்குக் கீழே வேலை செய்தவர்களுக்குப் பின்னால். அக்கா அவரையே பார்த்தாள்.

"அப்ப நீங்களும்?"

"ஓம். வேலையில்லாத ஆக்களுக்கு அரசாங்கம் குடுக்கிற வேலை. கல்லுத்தான் அடுக்கிறன்." சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே நடக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை அக்கா அந்தச் சட்டையைத் தோய்த்து, பின்வளவுக் கொடியின் நட்டநடுவில் காயப்போட்டாள். வேலிக்கு அந்தப்பக்கம் தமிழ் வீடு. அத்தான் வந்து எடுத்துவிட்டார். மறுபடி போட்டாள். "உமக்கு விளங்காது" என்றார் அவர். "எனக்கு விளங்கிறது கிடக்கட்டும், சட்டை காயட்டும்" என்றாள் அவள். எனக்கு இருவர் மேலும் கோபம் வந்தது. ஒரு மனிதன் மூடிவைத்ததை இப்படியா ஊருக்குக் காட்டுவது? அதே நேரம், உழைக்கிற சட்டையில் ஒளிக்க என்ன இருக்கிறது?

பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரர் வேலியடிக்கு வந்தார். வங்கியில் வேலை என்று எங்களுக்குச் சொல்லியிருந்தவர். கொடியை ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அண்ணை, அங்க இன்னும் ஆள் எடுக்கினமோ?"

அத்தான் வேலிக்கு இன்னும் கிட்டப் போனார். பிறகு, "திங்கக்கிழமை என்னோட வாரும்" என்றார். சட்டை இருட்டும்வரை கொடியில் கிடந்தது.

போன மாதம் அந்தப் பார்க்குக்குப் போனோம். மதிலில் இப்போது ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். பெருமந்த காலத்து இளைஞர்களின் ரிலீஃப் வேலை என்று அதில் இருக்கிறது. திருத்தியவர்களைப் பற்றி ஒன்றுமில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தானோ கல்லிடுக்குகளைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தபடி நடந்தார். இங்கே பிறந்த அவருடைய மகள் தகட்டை வாசித்துவிட்டுத் தன் அரைகுறைத் தமிழில் கேட்டாள்: "ரிலீஃப் எண்டா நிம்மதிதானே, அப்பா?"

அத்தான் நின்றார்.

"ஓம் பிள்ளை. சட்டை கொடியில கிடந்த அண்டைக்கு வேலியடிக்கு ஒராள் வந்தவர். அப்ப கொஞ்சம் இருந்தது."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் அடுத்த கல்லுக்குப் போய்விட்டார்.