என் பெயரில் கதைத்தவள்

மகளுக்கு ஒன்பது வயதானபோது நான் போனில் ஆங்கிலம் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

ஊரில் ஆறு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். ஒரு முழு வகுப்பையும் என் பின்னால் ஒரே குரலில் சொல்லவைத்தவள். ரொறன்ரோவில் ஒருநாள் பல் வைத்தியரிடம் நேரம் கேட்டுப் போன் எடுத்தேன். நான் மூன்று தடவை சொன்ன பிறகு, மறுமுனையில் இருந்த பெண், "வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டாள். பக்கத்தில் ஹோம்வேர்க் செய்துகொண்டிருந்த மகள் போனை வாங்கினாள். அரை நிமிடத்தில் வேலை முடிந்தது.

அன்றிலிருந்து என் பெயரில் கதைத்தது அவள்தான். தமிழர் நிறைந்த எங்கள் மோர்னிங்சைட் பக்கத்தில் இது ஒரு புதினமுமில்லை. இன்சூரன்ஸ்காரர் பிறந்த திகதி கேட்டால், ஒன்பது வயதுக்காரி தயங்காமல் என் பிறந்த வருடத்தைச் சொல்லுவாள். "என்னுடைய கணவர் இப்போது வேலையில்" என்று தகப்பனைப் பார்த்தபடியே சொல்லுவாள். நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

போனை வைத்ததும் என்னைப்போலவே பேசிக் காட்டுவாள்.

"அம்மா, நீங்கள் இங்கிலிஷைக் கல்லில கொத்துற மாதிரிக் கதைக்கிறியள்."

"அப்பிடித்தான் எங்களுக்குப் படிப்பிச்சவை."

"ஆர், குவீனோ?"

எனக்குச் சிரிப்பு வரும். கொஞ்சம் நோகவும் செய்யும்.

போன வசந்தத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம். என் கணவர் விட்பி நகரில் வேலைக்கு நின்றார். பத்தொன்பது வயது மகளும் நானும் இறால் பொரியலோடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் சின்ன வயதிலிருந்தே சாப்பிடுகிற இறால்தான். திடீரென்று கழுத்தைச் சொறிந்தாள். உதடு தடித்தது. "அம்மா, தொண்டை..." என்றாள். அதற்குமேல் குரல் வரவில்லை.

அவசர உதவிக்கு 911 அடித்தேன். "பொலிஸா, தீயணைப்பா, அம்புலன்ஸா?" என்று ஆங்கிலத்தில் ஒரு பெண் கேட்டாள்.

போனை மகளிடம் நீட்டினேன். மூச்சு எடுக்க முடியாமல் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம். பத்து வருடப் பழக்கம்.

அவள் கண்கள் பெரிதாயின. என் கையைப் பிடித்துப் போனைத் திருப்பி என் காதில் வைத்து அழுத்தினாள்.

வந்தது என் வகுப்பறைக் குரல். "மை டோட்டர் கெனொட் பிரீத். ஷீ ஹாஸ் ஈட்டன் ப்ரோன்ஸ்." முகவரியை இலக்கம் இலக்கமாகச் சொன்னேன். விளங்காதவர்கள் திருப்பிக் கேட்கிற "சொறி?" என்ற சொல்லை எதிர்பார்த்தேன். அது வரவில்லை.

"நல்ல தெளிவாகச் சொல்கிறாய், மை லவ். அம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது" என்றாள் அந்தப் பெண். அவளுடைய ஆங்கிலமும் ரீவிச் செய்தியில் கேட்கிற ஆங்கிலமல்ல. சொற்களை ஒன்றோடொன்று ஒட்டி, ராகம்போட்டு இழுத்தாள். கனடாவின் அத்திலாந்திக் கரைப் பக்கத்து ஆளாக இருக்கவேண்டும். எனக்கு ஒரு சொல்லும் தவறாமல் விளங்கியது.

வந்தவர்கள் மகளின் தொடையில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் முகத்துக்கு நிறம் திரும்பியது. என்ன சாப்பிட்டாள், எப்போது தொடங்கியது என்று அவர்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன்.

அடுத்தநாள் காலை, ஒவ்வாமை வைத்தியரிடம் நேரம் எடுக்கவேண்டியிருந்தது. மகள் சோபாவில் படுத்திருந்தாள். அவளைக் கேட்காமல் நானே போன் எடுத்தேன். அங்கே இருந்த பெண் ஒரு தடவை "சொறி?" என்றாள். அதே வேகத்தில், அதே உச்சரிப்பில் திருப்பிச் சொன்னேன். நேரம் கிடைத்தது.

"அம்மா, எனக்கு மூச்சு நிக்குது, நீங்கள் போனைத் தாறியள். அதை எனக்கேன் தந்தனியள்?"

"பழக்கதோஷம் பிள்ளை."

அவள் எழும்பி நிமிர்ந்து இருந்தாள். தாடையை உயர்த்தி, "மை. டோட்டர். கெனொட். பிரீத்" என்றாள். கல்லில் கொத்தியது போல ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக. அச்சொட்டாக நானேதான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

"இன்னொருக்காச் சொல்லு" என்றேன்.