முயல் பாய்ச்சல்

சேரன்மகாதேவி ஐயம்பெருமாள் கோனாரின் நாய் மன்னன் ஓடினால், களத்தில் நெல் தூற்றுகிறவர்கள்கூடச் சுளகைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். முன்கால்கள் முந்திப் போக, பின்கால்கள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து தரையை உதைத்து எழும்பும். அதற்கு முயல் பாய்ச்சல் என்று பேர். முயல் மாதிரிப் பாய்கிற நாய்தான் முயலைப் பிடிக்கும், நரியை விரட்டும் என்பது அந்த வட்டாரத்து ஆட்டுக்காரர்களின் கணக்கு. குட்டிகளிலும் எது அப்படிக் குதிக்கிறது என்று பார்த்துத்தான் வளர்க்க எடுப்பார்கள். இந்தக் கணக்கை முதலில் போட்ட புண்ணியவான் யாரென்று தெரிந்தால் நான் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன்.

அந்த வீட்டுக்கு ராதாபுரத்துப் பனங்காட்டிலிருந்து மருமகளாக வந்தவள் வண்டிமலைச்சி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாம் வருஷம் கல்யாணம். மலைச்சி என்று கூப்பிடுவார்கள். அவளுடைய அப்பா அம்மையப்பன் கோனாரும் ஆட்டுக்காரர். பெண்ணோடு ஒரு பெட்டை நாய்க்குட்டியையும் அனுப்பி வைப்பது ஆட்டுக்காரர்களின் வழக்கம். சம்பந்தம் பேசி முடித்த கையோடு ஐயம்பெருமாள் தன் பெருமையைக் காட்ட மன்னனையே ராதாபுரத்துக்கு அனுப்பி, அம்மையப்பன் வீட்டுப் பெட்டையோடு சேர்க்க வைத்தார். அதில் பிறந்த செவலைதான் மலைச்சியோடு வண்டியேறி வந்தது.

செவலையும் தகப்பனைப் போலவே துள்ளியது. ஆற்றுப் படித்துறையில் அது குதித்துக் குதித்து ஏறுவதைப் பார்த்து மாமனாருக்கு வாயெல்லாம் பல். இரண்டாம் வருஷம் முடிவதற்குள் அது படுத்த இடத்திலிருந்து எழவே முனகியது. பிறகு நொண்டியது. இடுப்பில் சூடு போட்டுப் பார்த்தார்கள். புண் ஆறியது, நொண்டல் ஆறவில்லை.

ஐயம்பெருமாள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. குட்டி நன்றாக இருந்தபோது தகப்பன் சாயல், நொண்டியதும் தாய்வீட்டுக் கோளாறு. அம்மையப்பன் வீட்டு நாய்க்கு ரத்தமே கெட்டது, அந்த வீட்டு ஆட்டுக் கிடை நம் ஊருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். பங்குனியில் பிசான நெல் அறுப்பு முடிந்த வயல்களில் எந்த ஊர் ஆடுகள் எங்கே கிடை போடுவது என்பதை அவர்தான் முடிவு செய்வார். ஆட்டுக்கு வயல் மேய்ச்சல், வயலுக்கு ஆட்டுப் புழுக்கை. கோடையில் ராதாபுரத்தில் ஆடு கடிக்கப் புல் கிடையாது. ஆற்றங்கரைக்கு வர முடியாவிட்டால் அம்மையப்பனின் மந்தை என்னாவது? முதல் கோடையிலேயே பாதி ஆடுகள் செத்தன. செய்தி வந்த அன்று மலைச்சி அடுப்பு மூட்டவில்லை. அழவும் இல்லை. அவளுக்கு வந்தது கோபம். அப்பாவின் பேரையும் கிடையையும் இந்த ஊருக்குள் திருப்பிக் கொண்டுவராமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

நொண்டி நாயை எதற்குக் கட்டிச் சோறு போடுகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புருஷன் நெல்லையப்பன் நல்லவன்; அப்பாவை எதிர்த்துப் பேச வாய் வராதே தவிர, செவலைக்குச் சோறு வைக்கும்போது யாரும் பார்க்காமல் கொஞ்சம் மோரும் ஊற்றுவான்.

மலைச்சிக்கு விஷயம் பிடிபட்டது படித்துறையில்தான். முதல் பிள்ளைக்கு வயிறு தள்ளியிருந்த சமயம் இடுப்பு கடுத்தது. குடத்தோடு ஏறும்போது ஒரு படிக்கு இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மூச்சு வாங்கி, அடுத்த படிக்குப் போனாள். இது யாரோ ஏறுகிற மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. அப்புறம் யாரென்று தெரிந்தது: செவலை குட்டியாக இருந்தபோது துள்ளித் துள்ளி ஏறியதும் இப்படித்தான். குடத்தை அப்படியே படியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம்.

அதன்பின் அவள் நாய்களின் பின்கால்களைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மன்னன் எழுவதற்குத் தாமதிப்பதைப் பன்றி குத்திய பழைய காயம் என்று வீட்டில் சொல்வார்கள். அந்தக் காயம் முன்தோளில் அல்லவா இருந்தது!

அடுத்த பங்குனியில் பல ஊர்க் கிடைகளும் வந்து இறங்கின. மன்னனுக்குப் பிறந்த நாய்கள் அத்தனை கிடையிலும் உண்டு. ஒரு காலையில் எல்லா நாய்களையும் அக்கரைக்குக் கொண்டுபோய் நீந்தி வரச் செய்யலாம் என்று நெல்லையப்பனை விட்டுச் சொல்ல வைத்தாள். வேடிக்கை என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ஐயம்பெருமாள் மேல்படியில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். நாய்கள் நீந்தி வந்து ஈரப்படியில் ஏறின. பின்கால்களைச் சேர்த்துத் துள்ளிய ஒவ்வொன்றையும் அவர் கை நீட்டிக் காட்டினார்.

“லே, அது எங்க மன்னன் ரத்தம்லே. அந்தா பாரு, அதுவும் மன்னன் ரத்தம்.”

அவராகவே ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். மாறி மாறிக் கால் வைத்து ஏறிய நாய்களை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு நாய்கள் மருத மர நிழலில் படுத்துக் கண்ணயர்ந்தன. ஆட்டுக்காரர்கள் சாப்பிட்டு முடித்துக் கூப்பிட்டபோது, சில நாய்கள் சட்டென்று எழுந்து ஓடின. சில முன்கால்களை ஊன்றி, பின்பாகத்தை இழுத்து, பையப் பைய எழுந்தன. வயசான ஒன்று எழவே இல்லை.

அத்தனை ஆண்கள் நடுவே மலைச்சி முன்னால் வந்து நின்றாள்.

“மாமா, நீங்க நம்ம ரத்தம்னு சொன்ன நாயெல்லாம் பாருங்க. ஒண்ணாவது ஒழுங்கா எந்திக்குதா? அது பாய்ச்சல் இல்ல மாமா, வலி. தனித்தனியாத் தூக்க முடியாமத்தான் ரெண்டையும் சேத்துத் தூக்குது.”

யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. ஆழ்வார்திருநகரி சிவசண்முகக் கோனாரின் பக்கத்தில் நின்ற சாம்பல் நிற நாயைக் காட்டினாள். அம்மையப்பன் முன்பு அவருக்குக் கொடுத்த நாய் அது.

“அங்கன நிக்கிற அதுவும் செவலையும் ஒரே தாய் வயித்துப் பிறப்பு. அப்பன் மட்டும் வேற. எங்க வீட்டு ரத்தத்துல கோளாறுன்னா அதுவுந்தானே நொண்டணும்?”

செவலையைவிட மூத்த அந்தச் சாம்பல் நாய் அவள் பேச்சைக் கேட்டதுபோல ஒரே தாவில் கல்மேல் ஏறி நின்றது. சிரித்தவர்கள் குனிந்து தங்கள் நாய்களின் பின்கால்களைப் பார்த்தார்கள். ஐயம்பெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு மன்னனைக் கேட்டு யாரும் அவர் வாசலுக்கு வரவில்லை. வந்தவர்கள் எந்த நாயைச் சேர்க்கலாம் என்று மருமகளைக் கேட்டு வந்தார்கள்.

அவள் போட்ட நிபந்தனைகள் கறாரானவை. மூன்று வயது தாண்டாத நாயைச் சேர்க்கக் கூடாது. கோளாறு அதற்குள் வெளியே தெரிந்துவிடும். நீந்திப் படியேறும்போது கால்கள் மாறி விழ வேண்டும், தூங்கி எழும்போது இழுக்கக் கூடாது. கூடப் பிறந்ததில் ஒன்று நொண்டினாலும் அந்தச் சேர்க்கை வேண்டாம். பார்க்க எவ்வளவு அழகான நாயாக இருந்தாலும் அவளிடம் செல்லாது. செவலையை ஒருநாளும் சேர்க்க விடவில்லை. டில்லியில் புது ராஜாவின் முடிசூட்டு தர்பார் நடந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோராம் வருஷத்துக்குள், அவள் பார்த்துச் சேர்த்த நாய்களின் குட்டிகள் களக்காட்டு மலையடிவாரக் கிடைகளில் சிறுத்தையை விரட்ட ஆரம்பித்திருந்தன.

இரண்டு வருஷம் கழித்து ஐயம்பெருமாளின் கடைசி மகளுக்கு, அந்தச் சிவசண்முகக் கோனாரின் மகனையே பேசி முடித்தார்கள். வெற்றிலை மாற்றும்போது சிவசண்முகம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: பெண்ணோடு வருகிற குட்டி, மலைச்சி பார்த்த குட்டியாக இருக்க வேண்டும். ஐயம்பெருமாளின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. மூன்று நாள் முழுங்கி முழுங்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் மருமகளிடம் கேட்டார். நான் பார்த்துச் சேர்த்ததில் பிறந்த நல்ல குட்டி இருக்கிறது, எங்கள் அப்பா வீட்டில்தான் இருக்கிறது, நீங்கள் போய்க் கேட்டால் தருவார் என்று மலைச்சி சொன்னாள். சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அவர் போனார். அம்மையப்பன் பழசைப் பேசாமல் பதநீர் கொடுத்தார். குட்டியின் தாயும் தகப்பனும் குளத்தில் நீந்திக் கரையேறின. ஐயம்பெருமாள் வேட்டியை மடித்துக் கட்டி, ஈரமண்ணில் குந்தி, அவற்றின் பின்கால்களையே உற்றுப் பார்த்தார். கரை ஏறி முடிந்ததும் எழுந்து, சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். வருகிற அறுப்புக்கு உங்கள் கிடை எங்கள் வயலில்தான் என்றார்.

பங்குனியில் அம்மையப்பனின் கிடை வந்தது. மலைச்சி இரண்டாவது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றாள், காலடியில் செவலை. அப்பாவின் ஆடுகள் ஆற்றில் இறங்குவதைப் பார்த்ததும் அத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. நாய்கள் நீந்தி வந்து, கால் மாற்றிக் கால் வைத்துப் படியேறின. மேல்படியில் மாமனார் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். ஊரே கேட்கும்படி கையை நீட்டினார்.

“பாருங்கலே, அது எங்க மருமக வீட்டு ரத்தம்.”