சுவரிலிருந்து வந்த சாமி

மாப்பிள்ளை காலையில் வேலைக்குக் கிளம்பினால், தெருமுனை திரும்பும்வரை நான் பால்கனியில் நின்று பார்ப்பேன். "அவரு என்னம்மா, தொலைஞ்சா போயிருவாரு?" என்று மகள் கேலி செய்வாள். செய்யட்டும்.

சுவிட்சர்லாந்தில் இந்த ஓஸ்டர்முண்டிகன் ஊரில் ஓட்டுப் போடும் காலம் வந்தால் தெரு நெடுகப் படம் போட்ட அட்டைகள் நிற்கும். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும், ஜெர்மனுக்கு எங்கே போவேன்? ஆனால் படம் பார்க்க என்னை மிஞ்ச ஆளில்லை. போன வாரம் ஓர் அட்டையில் வெளிநாட்டுக்காரன் ஒருவனை அசிங்கமாக வரைந்திருந்தார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். மகள் பக்கத்து அட்டையைக் காட்டினாள்.

"புதுச் சட்டம் ஒண்ணுக்கும்மா. அந்த அட்டை வேணும்ங்குது, இது வேணாம்ங்குது. ரெண்டையும் பாத்துட்டு அவங்கவங்க வீட்டுல உக்காந்து எழுதி, கவர்ல போட்டு அனுப்பிருவாங்க."

அப்பாடா என்றிருந்தது. நான் பிறந்த ஊரில் ஒரே ஒரு படம்தான். பக்கத்தில் இன்னொன்று ஒட்ட யாருக்கும் துணிச்சல் கிடையாது.

பிறந்தது பர்மாவில், ரங்கூனுக்குப் பக்கத்தில். அப்பா சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். எனக்கு ஏழு வயதாகும்போது அங்கே பட்டாளத்தாரின் ஆட்சி. எந்தச் சுவரைப் பார்த்தாலும் அந்தப் படம். மொட்டைத் தலை, பெருந்தொப்பை, நெற்றி நிறைய விபூதிப் பட்டை, அரிசி மூட்டைகளின் மேல் சம்மணமிட்டு ஒருவர். தலைக்குப் பின்னால் ஓங்கிய பெரிய துடைப்பம். மேலே வட்ட வட்டமாகப் பர்மிய எழுத்து. 'அரிசியைப் பதுக்கும் அந்நியனைப் பெருக்கித் தள்ளுங்கள்' என்று அதற்கு அர்த்தமாம். வாசிக்கத் தெரியாத எனக்கு அது சுலோகம். துடைப்பம் வெண்சாமரம். விபூதி இருந்ததால் அவர் நம் சாமி, சந்தேகமே இல்லை.

அடுத்த வீட்டுப் பர்மாக்கார அம்மா தினமும் சந்தனம் போல ஒன்றை அரைத்து என் கன்னத்தில் பூசிவிடுவாள். படம் வந்த பிறகு பூசுவதை நிறுத்திவிட்டாள். "உங்கப்பா மூட்டையை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கார்?" என்று கேட்டாள். எங்கள் அரிசிப் பானையின் அடி தெரிவதைப் பலமுறை கண்ணால் பார்த்தவள்தான்.

ஒருநாள் நல்ல மழை. தெருக்கோடிச் சுவரில் சாமி நனைந்துகொண்டிருந்தார். பாவமாக இருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், முழுசாகக் கையோடு வந்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து, பூஜை மாடத்தில் முருகனுக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

"லட்சணமாத்தான் இருக்காரு. யாருடி குடுத்தா?" என்றாள் அம்மா.

"கோயில்ல."

அம்மாவும் என்னைப் போலத்தான், எழுத்து வாசனை கிடையாது. குங்குமம் வைத்து, பூ வைத்து, விளக்கும் ஏற்றிவிட்டாள்.

படத்தைக் கிழித்தால் ஜெயில். அதற்கு முந்தின வாரம் தையல்காரர் ஒருவரைக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. நான் படத்தை ஒட்டிய அன்று சாயங்காலமே துப்பாக்கிக்காரர்கள் வீடு வீடாகத் தேடி வந்தார்கள். கடையிலிருந்து அப்பா மூச்சிரைக்க ஓடி வந்து மாடத்தைப் பார்த்தார். அவர் முகம் சாம்பலாகப் போனது.

"யார் எடுத்தது?" என்றான் அவர்களில் பெரியவன்.

"நான்தான்!" என்றேன் பெருமையாக. "சாமி மழையில நனைஞ்சுக்கிட்டிருந்தாரு."

பெரியவன் குங்குமத்தைப் பார்த்தான், பூவைப் பார்த்தான், அப்பாவின் நெற்றியைப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"இவன் படத்தை இவனே கும்பிடுறான் பாருங்கடா! இருக்கட்டும், இங்கேயே இருக்கட்டும்!"

கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், அவர்களைவிடச் சத்தமாக. என் கையை மட்டும் வலிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தார். நம் சாமியை எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவர்கள் போன பிறகு அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா வெறும் குச்சி போல ஒல்லியான மனிதர். அந்தத் தொப்பைக்காரர் இவர்தான் என்று நான் எப்படிக் கண்டேன்?

ஆறு மாதத்தில் உயிரோடு கப்பலேறிச் சென்னை வந்து சேர்ந்தோம். அது போதும்.

ஆனால் அந்த மறுநாள் காலை மறக்கவில்லை. அப்பா வெறும் நெற்றியோடு கடைக்குக் கிளம்பினார். மறந்துவிட்டார் போல என்று விபூதிச் சம்புடத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். "அப்பா, விபூதி!" நின்று குனிந்தார். மூன்று விரலால் பட்டையாகப் பூசிவிட்டேன். என் தலையைத் தடவிவிட்டு நடந்தார். தெருமுனையில், படம் ஒட்டிய அடுத்த சுவர் வருவதற்கு முன்னால், மேல்துண்டால் நெற்றியை அழுத்தித் துடைத்தார். வேர்த்துவிட்டது என்று நினைத்தேன். முந்தின நாள் மழையில் காற்று சில்லென்று இருந்தது. அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

இன்று காலையும் மாப்பிள்ளை விபூதியோடுதான் போனார். இரண்டு அட்டைகளையும் தாண்டி முனை திரும்பினார். கை நெற்றிக்குப் போகவில்லை. நான் உள்ளே வந்து காப்பி போட்டுக் குடித்தேன்.