மூன்றாவது வரிக்கு ஒரு சத்தம்

அக்கா மறுபடியும் மேடையில் பாடப் போகிறாள் என்று போனில் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. கேஸை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் செம்பூர் ஸ்டேஷன் வரை போய்விட்டு வீட்டுக்குத் திரும்பி வருகிறவள் நான். எதிலும் எனக்குக் கவலைதான் முதலில் வரும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். ஆனால் இந்தத் தடவை காரணம் இருந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன் அக்காவுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. அதில் குரல் அடைத்துப்போய், பிறகு பேச்சு திரும்பிவிட்டது. பாட்டைப் பற்றிக் கேட்டபோது டாக்டர், "முயற்சி பண்ணிப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டார். அக்கா முயற்சி பண்ணவேயில்லை. அடுப்படியில் முணுமுணுக்கக்கூட மாட்டாள்.

தாராவியில் நாங்கள் வளர்ந்த தெருவில் தொண்ணூறுகளில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. அக்கா பாடுவாள், நான் கீபோர்டு வாசிப்பேன். பொங்கல் விழா, கோவில் கொடை, கல்யாணம், எதுவென்றாலும் எங்கள் கச்சேரிதான். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரு கல்யாணத்தில் பாதிப் பாட்டில் கரண்ட் போய்விட்டது. அக்கா மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டை முடித்தாள். கடைசிப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையில் கையை வைத்தபடி கேட்டார்கள். அப்படி ஒரு குரல் அது. பிறகு ஆளுக்கொரு பக்கம் வேலை, குடும்பம் என்று போனதில் குழு கலைந்துவிட்டது. அக்கா சான்பாடாவுக்குப் போனாள், நான் செம்பூருக்கு வந்தேன்.

இந்த வருடப் பொங்கல் விழாவில் பழைய குழு பாட வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் கேட்டார்கள். அக்கா ஒரே ஒரு பாட்டுக்கு ஒப்புக்கொண்டாள், அதற்கும் ஒரு நிபந்தனை போட்டாள்.

"அப்பம் இருந்த அதே சவுண்டு வேணும்ட்டி. இப்பத்த கீபோர்டு சவுண்டெல்லாம் பக்வாஸ், வெறும் குப்ப. பின்னால அந்தப் பழைய சவுண்டு வந்தாத்தான் எனக்குப் பாட்டு வரும்."

அந்தப் பழைய கீபோர்டு மழைத் தண்ணீரில் ஊறிச் செத்துப் பல வருடம் ஆகிறது. இனி கீபோர்டுச் சத்தங்களை லேப்டாப்பிலேயே உண்டாக்கும் மென்பொருள் சிந்தசைசர்தான் கதி. எதை எடுப்பது என்று தெரியாமல் முழித்தேன். தொண்ணூறுகளின் சத்தம் என்று இணையத்தில் தேடினால் போதும், புடவைக் கடைக்காரரைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் போட்டுக்கொண்டே போகிறார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, எதுவும் நமக்கு வேண்டியதாக இல்லை.

முதலில் எடுத்தது உலோகத்தைத் தட்டினாற்போல் கணீரென்று மணிச் சத்தம் கொடுத்தது. பாட்டின் ஆரம்பத்துக்கு அது சரி, ஆனால் வயலின் சத்தம் வர வேண்டிய இடத்தில் தகரச் சத்தம் வந்தது. இரண்டாவது, பழைய கீபோர்டின் மின்சுற்று எப்படிச் சத்தம் எழுப்பும் என்று கணக்குப் போட்டு அதைப் போலவே நடிக்கிற ரகம். அதில் வயலின்கள் வழுக்கிக்கொண்டு போயின. எங்கள் கீபோர்டு ஒரு நாளும் அத்தனை அழகாக இருந்ததில்லை. அழகாக இருந்ததனாலேயே எனக்கு அதன்மேல் எரிச்சல் வந்தது. இலவச வெர்ஷன் வேறு, நிமிஷத்துக்கொரு தடவை பாட்டுக்கு நடுவில் 'ஸ்ஸ்ஸ்' என்று இரைந்து, இன்னும் வாங்கவில்லையா என்று கேட்டது. என் வீட்டுக்காரர் ஹெட்போனை மாட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒண்ணு மாதிரிதான இருக்கு" என்றார். அன்று சாயங்காலம் வரை அவரோடு நான் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் லேப்டாப்பையும் சின்னக் கீபோர்டையும் பையில் போட்டுக்கொண்டு ஹார்பர் லைன் ரயிலில் சான்பாடாவுக்குப் போவேன். அக்கா வெந்நீரைக் குடித்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்காருவாள். பல்லவி பாடுவாள். குரல் முன்பைவிடக் கனத்திருந்தது, கொஞ்சம் கரகரத்தது, ஆனால் அவள் குரல்தான். சரணத்தில் முதல் இரண்டு வரியும் ஒழுங்காகப் போகும். மூன்றாவது வரி, சொல்லே இல்லாமல் 'ஆ' என்று மேலே ஏறுகிற வரி. அந்தக் காலத்தில் அங்கேதான் விசில் பறக்கும். அதற்கு முன்னால் கையைக் காட்டி நிறுத்திவிடுவாள்.

"சவுண்டு சரியில்லட்டி. வயலின் கூர்மையா இருக்கு. மாத்து."

நான் மாற்றுவேன். ராகத்தில் தப்பில்லை, தாளத்தில் தப்பில்லை, சத்தத்தில்தான் தப்பு என்று நானும் முழுதாக நம்பினேன். சத்தத்தைச் சரிசெய்துவிட்டால் அக்காவும் சரியாகிவிடுவாள் என்று ஆபீஸில் இன்சூரன்ஸ் பாலிசி பேப்பர்களுக்கு நடுவில் உட்கார்ந்து எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பழைய கீபோர்டுகளின் உள்ளே இருந்த சத்தங்களை அப்படியே பதிவெடுத்து வைத்திருக்கும் மூன்றாவது மென்பொருள் ஒன்று கிடைத்தது. அதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அதே வயலின் கூட்டம், அதே 'ஆ' என்று ஏங்கும் பெண் கோரஸ். அதிலும் பளபளப்பைக் குறைத்து, மேல் ஓசைகளை வெட்டி, எங்கள் குழுவின் ஏழ்மையை அதற்குள் ஏற்றினேன். அந்த ஞாயிறு அக்கா கேட்டுவிட்டு, "இது பரவால்ல" என்றாள். மூன்றாவது வரிக்கு முன்னால் மட்டும் இருமல் வந்து நிறுத்திவிட்டாள்.

அடுத்த வாரம் இன்னும் திருத்தம் செய்வதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் லேப்டாப் மக்கர் பண்ணி, நான் செய்த மாற்றங்கள் எதுவும் சேமிப்பாகவில்லை. சான்பாடா போய்த் திறந்தால் போன வாரத்துச் சத்தம் அப்படியே இருந்தது. சொல்லத் தயக்கமாக இருந்தது, வாசித்தேன். அக்கா இரண்டு வரி பாடினாள். நிறுத்தினாள்.

"போன வாரமே தேவலன்னு இருக்கு. என்னத்தப் போட்டு மாத்துன நீ?"

ஒன்றும் மாற்றவில்லை என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவளுக்குச் சத்தத்தோடு ஒரு சண்டையும் இல்லை. மூன்றாவது வரி வராமல் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு. அதைச் சொல்ல வாய் வராமல் வயலினைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அவளைக் கேட்க வாய் வராமல் வயலினைத் திருத்திக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நான் கதவோரமே நின்றேன். கூட்டத்துக்கு முன்னால் அவள் குரல் உடைந்தால் அதற்கப்புறம் பாட்டையே மூட்டை கட்டி வைத்துவிடுவாள். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

எங்கள் குழுவில் 'தாங்குதல்' என்று ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவருக்கு மேல் சுரம் எட்டாமல் போனால், கீபோர்டுக்காரர் அதே மெட்டை 'ஆ' கோரஸில் பின்னாலிருந்து வாசித்து மூடிவிட வேண்டும். கூட்டத்துக்குத் தெரியக் கூடாது. ஜலதோஷம் பிடித்தவர்கள், தொடர்ந்து இரண்டு கச்சேரி பாடித் தொண்டை கட்டியவர்கள் என்று எத்தனையோ பேரை நான் தாங்கியிருக்கிறேன். அக்காவை மட்டும் ஒரு தடவைகூடத் தாங்க நேர்ந்ததில்லை. இப்போது அவளுக்குத் தெரியாமல் மூன்றாவது வரியை அந்தக் கோரஸில் வாசித்துப் பதிந்து, தனியாக ஒரு பட்டனில் வைத்தேன். அவள் குரலோடு ஒட்டும் வரை அதைக் கரகரப்பாக்கினேன். அதன்பிறகு பழைய சத்தத்தைத் தேடுவதையே விட்டுவிட்டு, இந்த ஒன்றைத்தான் செதுக்கிக்கொண்டிருந்தேன்.

விழாவன்று சாயங்காலம் மைதானம் நிறைந்திருந்தது. லேப்டாப்பை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, வயரை யாரும் மிதித்துவிடாமல் இருக்க அதன்மேல் என் செருப்பையே கழற்றி வைத்தேன். ஹாங் ஆகிவிடுமோ, சார்ஜர் கழன்றுவிடுமோ, ஒலிபெருக்கிக்காரர் என் லைனை மறந்துவிடுவாரோ என்று ஒவ்வொன்றாகப் பயந்து முடித்தேன். ஆரம்ப மணிச் சத்தம் வந்ததும் முன்வரிசையில் இருந்தவர்கள் 'ஓ' என்றார்கள். சத்தம் அச்சு அசல் அந்தக் காலத்துச் சத்தம். பல்லவி முடிந்தது. அக்காவின் கை புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தது. முதல் வரி. இரண்டாவது வரியின் கடைசிச் சொல்லில் குரல் லேசாக நடுங்கியது. அவ்வளவுதான், என் விரல் தானாகவே பட்டனைத் தட்டிவிட்டது. மூன்றாவது வரி கோரஸில் மேலே ஏறியது. கொஞ்சம்கூடப் பிசிறில்லை. அக்கா திறந்த வாயை மூடிக்கொண்டு மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். விசில் பறந்தது. நான்காவது வரியில் சேர்ந்துகொண்டு பாட்டை முடித்தாள்.

மேடைக்குப் பின்னால், வயர் சுருட்டுகிற இடத்தில், அக்கா ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். நான் போய் நின்றேன்.

"அந்த வரியப் பாட நான் மூச்சு எடுத்துட்டேன்ட்டி" என்றாள்.

நான் மறைக்கவில்லை. "ஒனக்கு வராதோன்னு பயந்துட்டேங்க்கா."

"எனக்குந்தான் பயம். வராமப் போயிருந்தா என் தொண்டையிலல்லா வராமப் போயிருக்கும். அத ஏன் நீ புடுங்கிக்கிட்ட?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பயந்தது உண்மை, அவளை நம்பாததும் உண்மை. அவளுக்காக நான் அத்தனை ஞாயிறு தேடிக் கண்டுபிடித்த சத்தம் அவள் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கீழே கிடந்த வயரை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தேன்.

அப்போது எங்கள் பழைய தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு வயதான அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"அந்த மேல ஏறுத எடத்துல என்ன கொரலு தாயி. சின்ன வயசுல கேட்ட மாதிரியே இருந்துச்சு. ஒனக்கா ஆப்ரேசன் பண்ணுனாக?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம் மெதுவாகச் சொன்னாள்:

"அது நான் இல்லம்மா. நான் இன்னும் பாடல."

அந்த அம்மா அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு அவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.